பிள்ளையார் கல்லுக்குப் போற பாதை: “பெரிய வளவுச் சொந்தங்கள்” வாட்ஸ்அப் குழு

*ஆவணி, வெள்ளி பின்னேரம்*

நிரோ: எல்லாருக்கும் வணக்கம் 🙏 வாற ஞாயிறு மலையில இருக்கிற பிள்ளையார் கல்லுக்குப் போற பாதையில சிரமதானம். காலம 6:30க்கு கோயிலடிக்கு வாங்க. கத்தி, மண்வெட்டி உள்ளவங்க கொண்டு வாங்க. கூட்டாளிட மாமாட்ட ஜேசிபி கேட்டிருக்கன், டீசல் மட்டும் அடிச்சுக் குடுத்தாக் காணும். பாதையை 10 அடிக்கு அகட்டி விட்டா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிரும்.

கிருபா: டீசேட் அடிப்பமா மச்சான்? முதுகில “படுவான்கரை மலையேறிகள்” எண்டு போடலாம்

நிரோ: ஓடரே குடுத்தாச்சு 😎

தங்கராசா மாமா: ஜேசிபியா? அது காட்டுக்குள்ள போற ஒத்தையடிப் பாதை மனே, குளக்கட்டு இல்ல. போன வருசம் ஒரு கூட்டம் வந்து ரெண்டு பக்கமும் புல்லு ஒண்டும் விடாமச் செரண்டி, நேரா மேல ஏத்திப் பாதை வெட்டினாங்க. படம் எடுத்தாங்க, போயிட்டாங்க. மாரிக்குப் பிறகு அது எப்பிடிக் கிடந்தது எண்டு போய்ப் பார்த்தயா?

நிரோ: அப்ப நான் கொழும்பில மாமா

தங்கராசா மாமா: [படம்] இந்தா பார். பள்ளத்துக்குள்ள மண்வெட்டிய நிறுத்தி எடுத்த படம். பிடியில அரைவாசி உள்ளுக்குப் போயிட்டு. வீரை மரத்துட வேரெல்லாம் வெளியில கிடக்கு. 78 சூறாவளிக்கு முந்தி அந்தப் பாதை முழுக்க நிழல். இப்ப மிஞ்சின நாலு மரத்தையும் ஜேசிபிக்குக் குடுக்கப் போறயா?

கமலா பெரியம்மா: நான் சதுர்த்திக்குப் போகக்குள்ள அந்தப் பள்ளத்துக்குள்ள கால் வைக்கிறதே இல்ல. பக்கத்தால புல்லு மேல நடக்கிறன். எல்லாரும் அப்பிடித்தான். இப்ப அந்தப் புல்லும் செத்து வெறும் தரையாப் போயிட்டு. பாதை ஒண்டு எண்டு சொல்றீங்க, அங்க மூண்டு கிடக்கு.

மதி அக்கா (டொரண்டோ): இஞ்ச இப்பதான் விடிஞ்சிருக்கு, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு வாசிக்கிறன். பெரியம்மா சொன்னதுதான் முழு வருத்தமும். கால் மிதிச்சுக் கெடுறத விட தண்ணி ஓடிக் கெடுறது கூட. பாதை பள்ளமானா ஆக்கள் ஒதுங்கி நடப்பாங்க, ஒதுங்கின இடமும் பள்ளமாகும். நீ 10 அடி அகட்டினா 10 அடிப் பள்ளம் வரும் நிரோ.

நிரோ: அக்கா நீங்க கணக்குப்பிள்ளை வேலைதானே பாக்கிறீங்க, எப்ப எஞ்சினியர் ஆனீங்க 😄

மதி அக்கா (டொரண்டோ): சனிக்கிழமையில நான் எங்க போறன் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லையே. புரூஸ் டிரெயில் எண்டு ஒண்டு இருக்கு. நயாகராவில தொடங்கி டொபர்மோரி வரைக்கும் கிட்டத்தட்ட 900 கிலோமீற்றர் நடைபாதை. 1967ல திறந்தது. அண்டைல இருந்து இண்டைக்கு வரைக்கும் தொண்டர்மார்தான் பாக்கிறாங்க. 9 கழகம் இருக்கு, ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு நீட்டு, அதை இன்னும் துண்டு துண்டாப் பிரிச்சு ஆளுக்கொண்டு. எனக்கும் ஒரு துண்டு இருக்கு. விழுந்த மரத்தைப் பார்த்துச் சொல்றது, மரத்தில வெள்ளைக் கோடு மங்கினா திருப்பி அடிக்கிறது, வடிகாலில அடைஞ்ச இலையை வாரி விடுறது. இலை வாருறதுதான் கூட.

கிருபா: சம்பளம்?

மதி அக்கா (டொரண்டோ): பெற்றோல் கூட என்ட காசு.

சாந்தி மாமி: இவள் வீட்டில ஒரு நாள் முத்தம் கூட்டினதில்ல 🤣

தங்கராசா மாமா: மதி, நேராப் போற பாதைய என்ன செய்யிற? அதைச் சொல்லு முதல்ல.

மதி அக்கா (டொரண்டோ): மலை எவ்வளவு சரிவோ, பாதை அதில அரைவாசிச் சரிவுக்கு மேல போகக் கூடாது மாமா. மலை 10 அடிக்கு 4 அடி ஏறுது எண்டா, பாதை 10 அடிக்கு 2 அடிக்குள்ள நிக்கணும். தாண்டினா மேல இருந்து வாற தண்ணி பாதையைக் குறுக்கால கடந்து போகாது, பாதையையே வாய்க்காலாக்கி ஓடும். பொதுவாப் பார்த்தா 10க்கு 1 எண்டு வைச்சுக் கொண்டா நல்லம். அதுக்கு மலைய நெஞ்சுக்கு நேர ஏறாம, விலாப் பக்கமாச் சுத்திக்கொண்டு போகணும்.

வடிவேல் அத்தான்: 10க்கு 1 எண்டா என்ட தண்ணிக் குழாய் மட்டத்தால பிடிக்கலாம், குழாய்ட ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே உயரத்தில நிக்கும் தானே. ஒபிஸ்காரன் கருவி ஒண்டும் தேவல்ல. நாளைக்கு நானும் மாமாவும் போய் அளந்துட்டு வாறம்.

*சனி மத்தியானம்*

வடிவேல் அத்தான்: அளந்தாச்சு. கோயிலடியில இருந்து மருத மரத்தடி வரைக்கும் பிழையில்ல, 10க்கு 1 கூட இல்ல. அங்கால நேரா ஏறுற துண்டு 10க்கு 3. போன வருசம் புதுசா வெட்டினது அதுதான். அதுக்குக் கிழக்கால பழைய ஆக்கள் நடந்த தடம் ஒண்டு பற்றைக்குள்ள மூடிக் கிடக்கு. மட்டம் பிடிச்சுப் பார்த்தன், 10க்கு 1 கொஞ்சம் தாண்டுது, அவ்வளவுதான். ஆருட்டயும் குழாய் மட்டம் இல்லாத காலத்தில எப்பிடிப் பிடிச்சாங்களோ தெரியா.

தங்கராசா மாமா: தலையில நெல்லு மூட்டையோட நடந்தவனுக்கு முழங்கால்தான் மட்டம்.

கிருபா: மாமா சொல்றது சரி. நான் எல்லப் பக்கம் பீக்கோ ட்ரெயில்ல நடந்தனான். கண்டி ஹந்தானையில தொடங்கி நுவரெலியா வரைக்கும் 22 துண்டு, 300 கிலோமீற்றருக்கு மேல. கனக்க இடத்தில அது பழைய தேயிலைத் தோட்டத்துப் பாதை. பாரம் ஏத்திக்கொண்டு போன பாதை எண்டதால மூச்சே வாங்கல்ல. பிடிச்சு ஏறுற மாதிரி இருந்தது எல்லாம் பிறகு ஆக்கள் வெட்டின குறுக்கு வழிதான்.

ரவி சித்தப்பா (சுவிஸ்): ஏன்டா இவ்வளவு தலையிடி? நான் 3 லட்சம் அனுப்புறன். அடியில இருந்து கல்லடி வரைக்கும் கொங்கிறீட் படி கட்டுங்க. அப்பாட பேர்ல சின்னக் கல்லு ஒண்டு பதிச்சாக் காணும்.

சாந்தி மாமி: 🙏🙏 நல்ல மனசு

நிரோ: சித்தப்பா 🔥🔥

வடிவேல் அத்தான்: காசு வந்தா கூலி என்ட கைக்குத்தான் வரும், அதனால நான் சொன்னாப் பிழையா நினைக்க மாட்டீங்க. அந்த இடத்துக்குக் கொங்கிறீட் வேணாம் சித்தப்பா. அது கிறவல் மண். மழைத்தண்ணி படியில இறங்காது, படிக்கும் மண்ணுக்கும் இடையில பூந்து அடியை அரிக்கும். ரெண்டு மாரி போனாப் படி அந்தரத்தில தொங்கும். மறுகா உடையும், கம்பி வெளியில நிக்கும். ஆக்கள் திரும்பவும் பக்கத்தால நடப்பாங்க. மணலும் கல்லும் சீமெந்தும் மேல ஏத்துறதுக்கே அரைவாசிக் காசு போயிடும்.

கமலா பெரியம்மா: படி எனக்கும் வேணாம். முழங்காலுக்கு ஏத்தம் எண்டா ஏறிடுவன், படி எண்டாத்தான் கொதிக்கும். உயரம் மேசனுக்குப் பிடிச்ச உயரம், என்ட காலுக்குப் பிடிச்சது இல்ல.

ரவி சித்தப்பா (சுவிஸ்): அப்ப ஒண்டும் கட்டாமத்தான் விடப் போறீங்களா?

வடிவேல் அத்தான்: பாறைக்குக் கிட்ட ஒரு பத்துப் பன்ரெண்டு அடி இருக்கு, அங்க சுத்திப் போக வழியில்ல. அங்க மட்டும் கல்லுப் படி வைப்பம். அங்கயே கிடக்கிற கல்லு. ஒவ்வொரு கல்லும் பாதிக்கு மேல மண்ணுக்குள்ள இறங்கணும், மேல் கல்லுட முன் விளிம்பு கீழ்க் கல்லுல ஏறி உக்காரணும். சீமெந்து ஒரு கரண்டியும் இல்ல. நீங்க அலவாங்கு மூண்டும் நல்ல மண்வெட்டி அஞ்சாறும் வாங்கித் தாங்க, அது வருசக் கணக்கில உழைக்கும்.

ரவி சித்தப்பா (சுவிஸ்): மண்வெட்டியில அப்பாட பேர் போடலாமா?

சாந்தி மாமி: பிடியில சுட்டு விடலாம் அண்ணா 😂

தங்கராசா மாமா: நிரோ, நாளைக்கு வேலை இல்ல. மலைக்காடு எங்கட வளவு இல்ல. கிராம சேவகரிட்டயும் வன இலாகாவிலயும் கதைச்சு எழுத்தில வாங்காம ஒரு தடி முறிக்கக் கூடாது. முதிரை, பாலை எதிலயாவது கத்தி பட்டா கோட்டுக்குத்தான் போகணும். திங்கள் நானே போறன். விதைப்புக்கு முன்ன முடிக்கணும், வயல் வட்டைக்கு இறங்கினா ஒரு ஆளும் மலைக்கு வரமாட்டான்.

நிரோ: டீசேட் ஞாயிறு எண்டு திகதியோட அடிச்சாச்சு மாமா 😭

*புரட்டாதி, வியாழன்*

தங்கராசா மாமா: அனுமதி வந்திட்டு. கைக்கருவி மட்டும், பச்சை மரம் தொடுறதில்ல, பழைய தடத்தைத் திறக்கலாம், அவங்கட ஆள் ஒருவர் வந்து நிப்பார். யானை நடமாட்டம் இருக்கிறதால 7 மணிக்கு முந்தி ஒருத்தரும் காட்டுக்குள்ள போகப்படா. 11க்கு இறங்கிடணும். சாப்பாடு கோயிலடியில, மேல கொண்டு போறது தண்ணி மட்டும். வாழைப்பழத் தோல் கூட எறியாதீங்க.

கமலா பெரியம்மா: சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் என்ட பொறுப்பு. வாழை இலையில தான் தருவன், லஞ்சீற் பொலித்தீன் கொண்டு வந்தா வாலியோட திரும்பிடுவன்.

மதி அக்கா (டொரண்டோ): வடிவேல் அத்தான், பாதைட அகலம் 3 அடி காணும். மலைப்பக்கம் உயரம், பள்ளப்பக்கம் தாழ்வு. 3 அடிக்கு 2 அங்குலம் சரிஞ்சாத் தண்ணி வெளியில வடியும். நடக்கிறவங்களுக்குச் சரிவே தெரியாது. 

வடிவேல் அத்தான்: ஓம். அதோட ஏறிக்கொண்டே போற பாதையை இடைக்கிடை கொஞ்சம் இறக்கி ஏத்தணும். வயல்ல வரம்பு வெட்டித் தண்ணி போக வக்கடை வைக்கிற மாதிரித்தான். அங்க தண்ணிய உள்ளுக்க எடுக்கிறம், இஞ்ச வெளியில விடுறம்.

*சனி*

கிருபா: [படம்] பழைய தடம் திறந்தாச்சு!! உள்ள நல்ல குளிர்

நிரோ: [படம்] [படம்] வடிவேல் அத்தான் குழாயோட, நாங்க பின்னால. ஒரு முனையை அவர் பிடிக்க மற்ற முனையை நான் பிடிக்கிறன். நீல மை கலந்த தண்ணி ரெண்டு பக்கமும் ஆடி ஆடி நிக்கும் வரைக்கும் மனுசன் அசைய விடுறார் இல்ல. நுளம்பு கடிச்சாலும் அடிக்கக் கூடாதாம்.

சாந்தி மாமி: பாம்பு கவனம் பிள்ளையள்

தங்கராசா மாமா: கல்லுப் புரட்டக்குள்ள அங்கால பக்கத்து விளிம்பைத் தூக்கி உங்கட பக்கமாச் சாயுங்க எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. கல்லு காலுக்கும் விரியனுக்கும் நடுவில நிக்கும், அது அங்கால ஓடிடும். கையை விட்டுத் துழாவுறது இல்ல, முதல்ல அலவாங்கு.

கிருபா: [வீடியோ 0:38] வாலித் தண்ணி ஊத்திப் பாக்கிறம். முதலாவது வக்கடை பாஸ் ✅ தண்ணி பள்ளப்பக்கம் திரும்பி இலைக்குள்ள போயிட்டு

கிருபா: [வீடியோ 0:21] இது ரெண்டாவது. தண்ணி போகாம நடுவில குளம் கட்டி நிக்கு 😅

மதி அக்கா (டொரண்டோ): பள்ளப்பக்க விளிம்பைப் பார். வெட்டின மண்ணை அங்கயே குவிச்சிருக்கீங்க, அது வரம்பாகித் தண்ணியை மறிக்குது. செரண்டிக் கீழ தூரமா எறிஞ்சு விடுங்க. நடந்து நடந்து அந்த விளிம்பு தானாவும் உயரும், வருசத்துக்கு ஒருக்கா வழிச்சு விடணும்.

கிருபா: செரண்டினம். ஓடுது 👍

நிரோ: போன வருசத்து நேர்ப் பாதைய என்ன செய்யிற? ஆக்கள் அதாலதான் ஏறப் பாப்பாங்க

தங்கராசா மாமா: வாய்ப் பக்கமும் மேல் முனையும் காஞ்ச கொப்பும் காரை முள்ளும் இழுத்துப் போட்டு மூடு. கண்ணுக்குத் தெரியிற தூரம் மட்டும் மூடினாக் காணும். நடுவில பள்ளத்துக்குக் குறுக்கால செத்த மரத்தைப் படுக்க வை, மண்ணும் இலையும் தங்கும், புல்லு தானா வரும். பெயின்ற் அடிச்சு அம்புக்குறி போடுறன் எண்டு ஒருத்தன் நிண்டான், டப்பாவை வாங்கி வைச்சிட்டன்.

மதி அக்கா (டொரண்டோ): எங்கட பாதையில வெள்ளைக் கோடு வேணும், ஏனெண்டா வாறவன் ஊர் தெரியாதவன். பிள்ளையார் கல்லுக்கு வழி தெரியாதவன் ஆர்?

ரவி சித்தப்பா (சுவிஸ்): மண்வெட்டி எப்பிடி வேலை செய்யுது?

வடிவேல் அத்தான்: இரும்பு நல்லம் சித்தப்பா. பிடி ரெண்டு மாத்தணும்.

*அண்டு இரவு*

தங்கராசா மாமா: எல்லாரும் உடம்பு நோவோட படுத்திருப்பீங்க, இருந்தாலும் இதைப் பேசி முடிப்பம். ஐப்பசியில மழை தொடங்கும், கார்த்திகை மார்கழி தை அடிச்சு ஊத்தும். இண்டைக்கு வெட்டின வக்கடை எல்லாம் ரெண்டு பெரிய மழைக்கு இலையும் மண்ணும் அடைஞ்சிடும். அப்ப ஆர் போய் வாருற? மதி சொன்ன மாதிரித் துண்டு துண்டாப் பிரிச்சுத் தாறன். கோயிலடி–மருத மரத்தடி ஒரு துண்டு, அங்கால பழைய தடம் ரெண்டு துண்டு, கல்லுப் படி ஒரு துண்டு. பேரைப் போடுங்க.

தங்கராசா மாமா: 31 பேர் வாசிச்சிருக்கீங்க எண்டு காட்டுது.

சாந்தி மாமி: படத்துக்கு மட்டும் எல்லாரும் முன்னுக்கு நிண்டாங்க 🙄

கமலா பெரியம்மா: கோயிலடித் துண்டு எனக்கு. எப்பிடியும் போறன் தானே, ஈர்க்கு விளக்குமாறும் கொண்டு போவன். 

வடிவேல் அத்தான்: படி எனக்கு. கல்லு அசைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்.

கிருபா: பழைய தடம் கீழ்த் துண்டு நான். மேல்த் துண்டு நிரோ.

நிரோ: நான் கொழும்புக்குப் போயிடுவனே

தங்கராசா மாமா: கார்த்திகையில வீட்டுக்கு வராமலா விடுவாய்? ஆள் இல்லாத நாளைக்கு ஆரைப் போடுற எண்டும் நீதான் சொல்லணும்.

நிரோ: சரி மாமா. நான் இல்லாட்டித் தம்பி போவான். அவனுக்கு இன்னும் தெரியா 😬

*கார்த்திகை, செவ்வாய்*

கமலா பெரியம்மா: ராவு முழுக்கக் கொட்டினது. விடியப் போய்ப் பார்த்தன். என்ட துண்டில தண்ணி நிக்கல்ல. மருத மரத்துக்கு அங்கால மூண்டாவது வக்கடையில இலை கட்டி, தண்ணி பாதையால இறங்கத் தொடங்கிட்டு. காலால தள்ளிப் பார்த்தன், கிளை ஒண்டு குறுக்கால இறுகிக் கிடக்கு.

கிருபா: அது என்ட துண்டு பெரியம்மா. வேலை முடிஞ்சு 4 மணிக்கு வாறன்

தங்கராசா மாமா: 4 மணிக்கு யானை நேரம். நாளைக்குக் காலம 7க்குப் போ, நான் வாறன் கூட. இண்டு ராவும் மழை எண்டு சொல்றாங்க, அதுக்குள்ள ஆராவது பகல்ல போகேலுமா?

நிரோட தம்பி: நான் வீட்டதான் நிக்கன். இப்பவே போறன். மண்வெட்டி ஆருட்ட இருக்கு?

ரவி சித்தப்பா (சுவிஸ்): அப்பாட பேர் போட்டதை எடுத்துக்கொண்டு போ

சாந்தி மாமி: எங்கட வீட்டில ரெண்டு நிக்கு, வந்து எடு. தனியப் போகாத, சஞ்சுவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ.