காவிரி ஒகேனக்கல்லில் ஏன் தெற்கே திரும்புகிறது?

பாலாற்றங்கரை:
குடகிலிருந்து கிழக்கே வருகிற காவிரி, ஒகேனக்கல்லில் தெற்கே மடங்கி மேட்டூர், பவானி என்று இறங்கி, அப்புறம்தான் திருச்சிப் பக்கம் கிழக்கே போகிறது. ஒரு காலத்தில் அது பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவே கடலுக்குப் போனது, நிலம் எழும்பி வழி மாறிவிட்டது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதை நான் நம்புகிறேன். வாணியம்பாடிப் பக்கம் வந்து பாருங்கள், பெரும்பாலும் காய்ந்து கிடக்கிற ஆற்றுக்கு இவ்வளவு அகலம் எப்படி வந்தது?

கல்லுளி:
அகலத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். உயரத்தைப் பாருங்கள். ஒகேனக்கல்லுக்கும் பாலாற்றுக்கும் நடுவே இருக்கிற தருமபுரி கடல் மட்டத்துக்கு 450 மீட்டருக்கு மேல். ஒகேனக்கல்லில் ஆறு அதைவிட ஏறக்குறைய 200 மீட்டர் கீழே ஓடுகிறது. அந்த மேட்டில் ஆறு எப்படி ஏறும்?

பாலாற்றங்கரை:
இன்றைய மட்டத்தை வைத்து அன்றைய ஆற்றை அளக்கிறீர்கள். கிருஷ்ணராஜ சாகர் சுமார் 750 மீட்டரில் இருக்கிறது, மேட்டூர் நிரம்பினால் 240. நடுவில் சிவசமுத்திரம், மேக்கேதாட்டு, ஒகேனக்கல் என்று ஆறு இன்னும் பாறையை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அறுக்கத் தொடங்கும் முன் அது பீடபூமி மட்டத்திலேயே ஓடியிருக்கும்.

பென்னாகரத்தான்:
சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அருவித் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து புகுந்துதான் வழி கண்டுபிடிக்கிறது. பரிசலில் போனால் இருபக்கச் சுவரிலும் அதே வெடிப்புக் கோடுகள். நிலம் நகர்ந்ததற்கு அது சாட்சி இல்லையா?

கல்லுளி:
பாறை வெடிப்பது வேறு, வெடிப்பின் இருபுறமும் நிலம் நகர்வது வேறு. நகரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மோயாற்றையும் பவானியையும் பாருங்கள், பெரும்பாலும் பழைய நொறுங்கல் பட்டையை, அதாவது நில நகர்வில் பாறை நொறுங்கிக் கிடக்கிற நீண்ட பட்டையை, பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன, ஆனால் அந்த நொறுங்கல் காவிரி பிறப்பதற்குப் பல கோடி ஆண்டு முன்பே நடந்து முடிந்தது. நொறுங்கின பாறை சீக்கிரம் அரிக்கும், ஆறு அந்தப் பக்கம் போகும், அதற்குப் புதிதாக நிலம் எழும்ப வேண்டியதில்லை. காவிரி மேலே ஓடியிருந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி மேட்டில் அது விட்டுப்போன கூழாங்கல் படிவம் எங்கே?

பாலாற்றங்கரை:
நியாயமான கேள்வி. மேட்டில் இருந்தது மழையில் கரைந்து போயிருக்கலாம். பாலாற்று அடிமணலில் மைசூர்ப் பக்கத்துப் பாறைத் துகள் இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிவிட்டோம், வயிறு எரிகிறது.

கல்லுளி:
எல்லாம் போயிருக்காது. உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது உருண்டைக் கல் வந்தால், எத்தனை அடியில் என்று எழுதி வைத்து, ஒரு பிடி எடுத்து வையுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.