பைக்குள் கொதிக்கும் லேப்டாப்

சித்தி: பாலா, மீனாவின் லேப்டாப் பைக்குள்ளேயே கொதிக்கிறது. மூடித்தான் வைத்தாளாம். என்னவென்று பாரப்பா.

பாலா: லினக்ஸ்தானே மீனா? தூங்கப் போட்டதை ஏதோ எழுப்பிவிடுகிறது. சிஸ் அடைவில் (/sys) பவர், அதற்குள் பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யூ. எந்த இன்டரப்ட், அதாவது சாதனம் கணினியைக் கூப்பிடும் எந்த சிக்னல், எழுப்பியது என்று அதில் எண்ணாக இருக்கும். அந்தக் கோப்பில் என்ன எண் இருக்கிறது?

மீனா: 1

பாலா: அப்போ கீபோர்டு. பை இறுக்கத்தில் விசை அழுந்தியிருக்கலாம். சில லேப்டாப்களில் ஃபர்ம்வேர் (உள்ளேயே பதித்து வரும் மென்பொருள்) பிழையால் யாரும் தொடாமலேயே 1 வருவதுண்டு. எஸ்2ஐடில் என்ற லேசான வகைத் தூக்கத்தில் கீபோர்டுக்கு எழுப்பும் உரிமை தானாகவே உண்டு.

மீனா: தூங்கும்போது இன்டரப்ட் எல்லாவற்றையும் அடைத்துவிடாதா அண்ணா?

பாலா: எல்லாவற்றையும் இல்லை. புரோகிராம்களை உறைய வைத்து, சாதனங்களைத் தூங்க வைத்து, கடைசியில்தான் இன்டரப்ட் லைன்களை அடைக்கும். சாதனத்தை இயக்கும் டிரைவர், ‘இது எழுப்பலாம்’ என்று எனேபிள்_ஐஆர்க்யூ_வேக் சொல்லி வைத்த லைன் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

பாலா: அதில் இன்டரப்ட் வந்தாலும் ஹேண்ட்லரை, அதாவது அந்த அழைப்பைக் கவனிக்கும் டிரைவர் பகுதியை, உடனே ஓட்டாது. சாதனமே தூக்கத்தில் இருக்கிறதே, தொட்டால் வம்பு. லைனை அடைத்து, பாக்கி என்று குறித்துக்கொண்டு, தூக்கத்தைக் கலைக்கும். சாதனங்கள் எழுந்த பிறகுதான் ஹேண்ட்லர் ஓடும்.

சித்தி: ராத்திரி பெல் அடித்தால் உன் சித்தப்பா லைட்டைப் போட்டு, கண்ணாடியைத் தேடி, அப்புறம் கதவைத் திறப்பாரே, அப்படியா?

சித்தப்பா: அதற்குள் வந்தவர் போயே போய்விடுவார் 😀

பாலா: இங்கே போக விடாது சித்தப்பா. அந்தப் பாக்கிக் குறிப்பே அதற்குத்தான்.

பெரியப்பா: காலை வணக்கம் 🌹

மீனா: பாதித் தூக்கத்தில் வந்தால்?

பாலா: தூங்கும் வேலையையே கைவிட்டுத் திரும்பிவிடும். ஒரு தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, வந்த அழைப்பு தொலையக் கூடாது. 2010இல் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.36 பதிப்பில், எழுப்பும் அழைப்புகளை எண்ணும் வேக்கப்_கவுண்ட் கோப்பைச் சேர்த்ததும் இந்தச் சிக்கலுக்காகத்தான். தூங்க வைக்கும் புரோகிராம் கோப்பில் படித்த எண்ணையே திரும்ப எழுத வேண்டும். நடுவில் ஏதாவது வந்திருந்தால் எழுத விடாது.

மீனா: டைமர் மட்டும் ஓடுமே?

பாலா: அது ஐஆர்க்யூஎஃப்_நோ_சஸ்பெண்ட் என்று டிரைவர் போடும் குறி. லைனை அடைக்காமல் விடும், அவ்வளவுதான். கணினியை எழுப்பும் என்று உத்தரவாதம் கிடையாது. டிரைவர் எழுதுபவர்களே இதையும் எனேபிள்_ஐஆர்க்யூ_வேக்கையும் குழப்புகிறார்கள், எரிச்சலாக வரும்.

பாலா: சரி, ஐ8042 என்ற கீபோர்டு கன்ட்ரோலர் சாதனத்தின் கீழ் சீரியோ0 இருக்கும், அதுதான் உன் கீபோர்டு. அதன் பவர் அடைவில் வேக்கப் கோப்பில் டிசேபிள்ட் என்று எழுது. ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு.

மீனா: எழுதி, மூடித் திறந்தேன். இப்போது 9 காட்டுகிறது!

பாலா: 9 என்றால் ஏசிபிஐ, மூடி, பவர் பட்டன் மாதிரியானவற்றைக் கணினிக்குச் சொல்லும் வழி. நீ மூடியைத் திறந்தது அந்த வழியாகத்தான் வரும், அது இருக்கட்டும். ரீபூட் செய்தால் இந்த மாற்றம் போய்விடும். ஒவ்வொரு முறையும் தானாகவே இதைச் செய்ய யூடெவ் விதி ஒன்று எழுதி அனுப்புகிறேன்.