பாஸ்டன் பக்கம் எங்கள் முதல் இலையுதிர் காலம்: குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து செல்ல எவை ஏற்றவை?

புதுவரவு_ஆக்டன்

அனைவருக்கும் வணக்கம். கடந்த பிப்ரவரி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஆக்டனுக்குக் குடிவந்தோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. இந்த மாதக் கடைசியில் என் மாமனாரும் மாமியாரும் வந்து, நவம்பர் நடுப்பகுதி வரை எங்களுடன் தங்குகிறார்கள். ஆகவே எங்கள் முதல் இலையுதிர் காலமும் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் முதல் ஹாலோவீனும் ஆறு பேராகக் கழியப்போகின்றன.

பள்ளியில் தோழிகள் சொன்னதைக் கேட்டு, மகள் இங்கே பாஸ்டனுக்கு வடக்கே உள்ள சேலம் நகருக்குப் போயே தீர வேண்டும் என்கிறாள். இதைத் தொலைபேசியில் சொன்னபோது மாமனார், "அதற்கு எதற்கம்மா அமெரிக்கா வர வேண்டும், ஈரோட்டைத் தாண்டினால் போதுமே" என்றார். மகனோ, சென்ற வாரம் கடை வாசலில் கையை அசைத்துச் சிரித்த எலும்புக்கூடு பொம்மையைப் பார்த்து அழுததிலிருந்து அந்தக் கடைப் பக்கமே வர மறுக்கிறான். ஹாலோவீன் அலங்காரமாக வீட்டு வாசலில் மண்டையோட்டையும் கல்லறைக் கல்லையும் வைப்பது மாமியாருக்குச் சற்றும் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு மூட்டுவலி இருப்பதால் நெடுநேரம் நடக்க இயலாது. நாங்கள் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. எங்கள் காரில் ஐந்து பேருக்குத்தான் இடம்.

இவ்வளவு நிபந்தனைகளுக்கும் உட்பட்டு அக்டோபர் மாதத்தை எப்படித் திட்டமிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தோட்டக்காரன்

வணக்கம் சகோதரி. ஆக்டனில் இருந்துகொண்டு ஆப்பிள் தோட்டத்தைத் தேடி நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்து ஊரான ஸ்டோவில் உள்ள ஹனி பாட் ஹில் தோட்டத்தில், ஆப்பிள் பறிப்பதோடு செடிவேலியால் அமைத்த புதிர்வழியும், டிராக்டர் இழுத்துச் செல்லும் வைக்கோல் வண்டியும் உண்டு. அந்த வண்டியில் மாமியார் அமர்ந்தபடியே தோட்டத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

ஆனால் இதை ஹாலோவீன் வரை தள்ளிப்போடாதீர்கள். பலர் செய்யும் தவறு இதுதான். மெக்கின்டாஷ், ஹனிகிரிஸ்ப் ஆகிய ஆப்பிள் வகைகள் செப்டம்பரிலேயே பழுத்துவிடும், மக்கூன் அக்டோபர் தொடக்கத்தில் கிடைக்கும், அக்டோபர் கடைசியில் போனால் பெரும்பாலும் வெறும் கிளைகளைத்தான் பார்ப்பீர்கள். பெரியவர்கள் வந்து பயணக் களைப்பு தீர்ந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். பழத்தைக் கீழ்நோக்கி இழுக்காமல், மேலே தூக்கி இலேசாகத் திருகினால் காம்போடு வந்துவிடும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்னரே சொல்லிக்கொடுங்கள். இழுத்தால் அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய மொட்டும் சேர்ந்து முறிந்துவிடக்கூடும். பைகளைப் பெக், அரை புஷல் என்ற அளவில் விற்பார்கள். ஒரு பெக் என்பது ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து கிலோ, ஆறு பேருக்கு அதுவே தாராளம். அரை புஷல் அதைப்போல் இருமடங்கு. நாங்கள் முதல் ஆண்டு ஆசைப்பட்டு அரை புஷல் வாங்கிவிட்டு, ஆப்பிள் தொக்கு, ஆப்பிள் ரசம் என்று மூன்று வாரம் திண்டாடினோம்.

உணவைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள். தோட்டக் கடைகளில் சூடாகக் கிடைக்கும் சைடர் டோனட்டில் பொதுவாக முட்டை இருக்கும். சைடர் என்ற சொல்லைக் கேட்டு மாமனார் தயங்க வேண்டாம், இங்கே அது வடிகட்டாத ஆப்பிள் சாறுதான், மது கலந்ததை ஹார்ட் சைடர் என்பார்கள். இருந்தாலும் சிறு பிள்ளைக்குக் கொடுக்குமுன் அது பாஸ்சரைஸ் செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் முதல் ஆண்டு சொல்லித்தராதது. இங்கே புல்லிலும் சருகிலும் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உண்டு. குளிர் வந்துவிட்டதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது, வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நன்றாகவே நடமாடும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இதைப் பெரியவர்களுக்கும் செய்ய வேண்டும்.

நேரம் இருந்தால் டாப்ஸ்ஃபீல்ட் கண்காட்சியையும் பார்க்கலாம். 1818ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண் கண்காட்சி அது, அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையோடு முடிந்துவிடும். 2012இல் உலகிலேயே முதன்முறையாக 2,000 பவுண்டைத் தாண்டிய பறங்கிக்காய் அங்கேதான் எடைமேடை ஏறியது. அதன் எடை 2,009 பவுண்டு, அதாவது சுமார் 911 கிலோ. ஆண்டுதோறும் அத்தகைய ராட்சதக் காய்களைக் காட்சிக்கு வைப்பார்கள். நான்கு வயதுப் பையனுக்கு எலும்புக்கூட்டை மறக்கடிக்க இதைவிட நல்ல மருந்து இல்லை.

வடக்குக்கரை

சேலத்துக்குப் பக்கத்து ஊரில் பதினோரு ஆண்டுகளாக வசிப்பவள் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் மாதத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் சிற்றூர் அது. மாதத்தின் கடைசி இரு வார இறுதிகளில் ஆறு பேர் கொண்ட குடும்பம், அதிலும் மூட்டுவலி உள்ளவரை அழைத்துக்கொண்டு போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தெருக்களை அடைத்துவிடுவார்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, மாலையானால் கோர வேடமிட்டவர்கள் தெருவிலேயே உலவுவார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வேலைநாள் காலையில் போய், பிற்பகலில் திரும்பிவிடுங்கள். காரே வேண்டாம். ஆக்டனிலிருந்து பிட்ச்பர்க் தடத்து ரயில் பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனில்தான் முடிகிறது, அங்கேயே மாறி ஏறினால் அரை மணி நேரத்தில் சேலம் வந்துவிடும். பதினொரு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பயணச்சீட்டு தேவையில்லை.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த ஊரின் உண்மைக் கதையைச் சொல்ல முடியும் என்றுதான் நினைக்கிறேன். 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி, பெண்களும் ஆண்களுமாகப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய் திறந்து வாதாட மறுத்த முதியவரான ஜைல்ஸ் கோரியைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சார்ட்டர் தெரு இடுகாட்டை ஒட்டி 1992இல் அமைத்த நினைவிடத்தில், இந்த இருபது பேருக்கும் பெயர் பொறித்த கல்லிருக்கை ஒவ்வொன்று உண்டு. கூச்சலும் பொம்மையும் இல்லாத இடம் அது. பெரும்பாலான பயணிகள் அதைக் கடந்து, பணம் கட்டிப் பயப்படும் கூடங்களுக்கு ஓடுகிறார்கள் என்பது எனக்கு ஆண்டுதோறும் எரிச்சலூட்டும் காட்சி. மகளிடம் இன்னொரு செய்தியையும் சொல்லுங்கள்: தண்டிக்கப்பட்டவர்களில் கடைசிவரை பெயர் துடைக்கப்படாமல் இருந்த எலிசபெத் ஜான்சனை 2022இல்தான் மாசசூசெட்ஸ் மாநிலம் குற்றமற்றவர் என்று அறிவித்தது, அதற்காக விடாமல் முயன்றவர்கள் நார்த் ஆண்டோவர் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்களின் ஆசிரியையும்.

மாமனாருக்குப் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம். கீழ்த்திசைக் கடல்களில் வணிகம் செய்த சேலம் மாலுமிகள் 1799இல் ஏற்படுத்திய சங்கத்திலிருந்து வளர்ந்தது அது, இந்தியக் கலைத் தொகுப்பும் அங்கே உண்டு. அமெரிக்காவுக்கு முதல் யானையை 1796இல் வங்கத்திலிருந்து கப்பலேற்றி வந்ததும் ஒரு சேலத்துக் கப்பல் தலைவர்தான். ஈரோட்டைத் தாண்டியுள்ள சேலத்தில் இந்தக் கதை கிடைக்காது என்று அவரிடம் சொல்லுங்கள்!

மூன்றாம்படி

ஹாலோவீன் மாலையைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான். அதற்கு வெளியூர் எங்கும் போக வேண்டாம், உங்கள் தெருவே போதும். ஐந்து மணி முதல் எட்டு மணி வரை பிள்ளைகள் வீடு வீடாக வருவார்கள். அக்டோபர் 31 அன்று இங்கே ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, ஆகவே நான்கு வயதுப் பையனை ஐந்து மணிக்கே அழைத்துப் போய், நன்றாக இருட்டுமுன் திரும்பிவிடலாம். பெரிய பிள்ளைகளின் பயங்கர வேடங்கள் அதற்குப் பிறகுதான் வெளியே வரும். வாசல் விளக்கு எரியும் வீட்டில் மட்டும் கதவைத் தட்ட வேண்டும், அணைந்திருந்தால் அவர்களுக்கு விருப்பமில்லை என்று பொருள். வேட உடையை ஓர் அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள இடமிருக்கும். அந்தக் குளிரில் மேலே கோட்டுப் போட்டு இளவரசி வேடத்தை மறைத்துவிட்டதால் என் மகள் அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மிட்டாயில்தான் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மார்ஷ்மெல்லோ, கம்மி பேர் ஆகியவற்றில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. ஸ்டார்பர்ஸ்டிலும், மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும் கேண்டி கார்ன் பலவற்றிலும்கூட அது சேர்க்கப்படுகிறது. ஸ்னிக்கர்ஸில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. எங்கள் வீட்டில் வாசலில் எதையும் மறுப்பதில்லை, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தரையில் கொட்டிப் பிரிப்போம், சாப்பிடக் கூடாதவற்றுக்கு மாற்றாகச் சாக்லேட் கொடுத்துவிடுவேன். அந்தப் பிரிப்பும் பேரமும்தான் என் பிள்ளைகளுக்கு அன்றைய இரவின் உச்சம். நீலப்பச்சை வண்ணம் பூசிய பறங்கிக்காயை வாசலில் கண்டால், ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக அங்கே உணவல்லாத சிறு பரிசுகளும் இருக்கும் என்று அறிந்துகொள்ளுங்கள்.

உங்கள் வாசலுக்கு வருபவர்களுக்குத் தொழிற்சாலையில் உறையிட்ட மிட்டாய் மட்டுமே கொடுக்க வேண்டும். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது, என் அம்மா வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதிரசம் கொடுக்கப் புறப்பட்டார். வீட்டில் செய்ததைப் பெற்றோர் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று விளக்கி அவரைத் தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மாமியாரின் மனச்சங்கடத்துக்கு ஒன்று சொல்லலாம்: நம் ஊரில் புதுவீட்டு வாசலில் பூசணிக்காயில் மீசையும் பல்லும் வரைந்து திருஷ்டிக்குத் தொங்கவிடுகிறோம் அல்லவா? முன்பு அயர்லாந்தில் டர்னிப் கிழங்கில் முகம் குடைந்து வைத்ததும் தீயவற்றை விரட்டத்தான் என்பார்கள். அமெரிக்காவுக்கு வந்தபின் அது பறங்கிக்காயாயிற்று. என் அம்மா இதைக் கேட்டபின் மண்டையோட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, பறங்கிக்காயைத் தாமே தேர்ந்தெடுத்தார்.

புதுவரவு_ஆக்டன்

மூவருக்கும் மிக்க நன்றி. யானைக் கதையை மாமனாரிடம் சொல்லிவிட்டேன், இப்போது சேலத்துக்கு அவர்தான் முதலில் தயார். இன்னும் இரண்டு ஐயங்கள். இலைகளின் நிறமாற்றத்தைக் காண நியூ ஹாம்ப்ஷயர் வரை போகத்தான் வேண்டுமா? பறங்கிக்காயை எப்போது வாங்கிச் செதுக்குவது?

மேப்பிள்நிழல்

நியூ ஹாம்ப்ஷயரின் காங்கமாகஸ் நெடுஞ்சாலை அழகுதான், மறுக்கவில்லை. லிங்கனிலிருந்து கான்வே வரை 34.5 மைல், வழியில் ஒரு பெட்ரோல் நிலையம்கூட இல்லை, கைப்பேசித் தொடர்பும் பெரும்பாலும் கிடைக்காது. செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதிக்குள் போனால்தான் முழு நிறத்தைக் காணலாம். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டிய நீண்ட விடுமுறையில் போனால் மரங்களைவிட முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஆறு பேருக்கு வாடகை வண்டியும் எடுக்க வேண்டும். உங்கள் நிலையில் நான் இருந்தால் போக மாட்டேன்.

பொறுத்திருந்தால் நிறம் தெற்கே உங்களைத் தேடி வரும். பகல் குறையக் குறைய இலை பச்சையத்தை இழக்கிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது, சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. வெயிலான பகலும், உறைபனி இல்லாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு மேப்பிள் எரிவதுபோல் இருக்கும். பாஸ்டன் பகுதியில் அது அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. இதற்கு நான் அறிந்தவரை மிகச் சிறந்த இடம் கேம்பிரிட்ஜில் 1831இல் தோட்டமாகவே அமைக்கப்பட்ட மவுண்ட் ஆபர்ன். தார்ச்சாலையில் மெதுவாக நடக்கலாம், கோபுரத்தின் மேலிருந்து பாஸ்டன் நகரம் முழுவதும் தெரியும். ஒரே சிக்கல், அது இடுகாடு. என் பெற்றோரிடம் சொல்லாமல் அழைத்துப் போய், பாதி வழியில் கல்லறைகளைக் கண்டு அம்மா விழிக்க, வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் தலைக்குக் குளிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பறங்கிக்காயை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், முழுக்காய் வாரக்கணக்கில் தாங்கும். செதுக்குவதை மட்டும் 29ஆம் தேதி வரை தள்ளிப்போடுங்கள். முன்னரே செதுக்கினால் பூஞ்சை பிடிக்கும், அணிலும் முகத்தைத் தின்றுவிடும். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வையுங்கள், வேட உடைகள் எளிதில் தீப்பிடிக்கும். மகனைக் கத்தியருகே விடாமல், விதைகளைக் கையால் அள்ளி எடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள், அவற்றைக் கழுவிக் காயவைத்து உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி வறுத்தால் மாலைக்குள் தீர்ந்துவிடும். செதுக்கும் பெரிய காய் நீர்த்துப்போய்ச் சப்பென்றிருக்கும். மாமியார் பால் கூட்டு வைக்க விரும்பினால், அதே பண்ணையில் சுகர் பம்ப்கின் என்று கேட்டுச் சிறியதாக ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.