எம்.ஐ.சி.: தடுப்புச் செறிவா, அடக்குசெறிவா?

வணக்கம்.

பாக்டீரியாவைக் கண்ணுக்குத் தெரிய வளரவிடாத ஆன்டிபயாட்டிக்கின் மிகக் குறைந்த செறிவு எம்.ஐ.சி. (minimum inhibitory concentration). அதற்குக் 'குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். பாடநூலில் ஏறுவதற்கு முன் இந்தச் சொல்லை ஒருமுறை ஆய்வக மேசையில் வைத்துப் பார்த்துவிடுவோம். குழியில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல் சொல்ல வேண்டும்.

96 குழித்தட்டில் ஒரு வரிசைக்கு 12 குழிகள். முதல் பத்தில் மருந்து: லிட்டருக்கு 64 மில்லிகிராமில் தொடங்கி 32, 16, 8 என்று பாதி பாதியாகக் குறைந்து பத்தாவது குழியில் 0.125. பதினோராவதில் மருந்து இல்லை, பாக்டீரியா மட்டும். பன்னிரண்டாவதில் வெறும் வளர்ப்பூடகம். மருந்துக் கரைசல் 50 மைக்ரோலிட்டர், பாக்டீரியாக் கலவை 50 மைக்ரோலிட்டர் என்று சேர்ப்பதால் மருந்து பாதியாக நீர்த்துவிடும். முதல் குழிக்கு 128 அளவில் ஊற்றினால்தான் 64 கிடைக்கும். இதை மறந்தால் வரிசை முழுவதும் ஒரு படி தவறும்.

பாக்டீரியாவின் எண்ணிக்கைதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. 0.5 மெக்ஃபார்லாண்டு (பாக்டீரியாக் கலவையின் கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி. அதை 150 மடங்கு நீர்த்தால் 10 இலட்சம். குழியில் மருந்தோடு சேரும்போது 5 இலட்சம். கலவை தயாரானபின் அரை மணி நேரத்துக்குள் குழிகளில் சேர்த்துவிட வேண்டும், தாமதித்தால் எண்ணிக்கை ஏறிவிடும். சரிபார்க்கவும் எளிய வழி உண்டு: சேர்த்த உடனே பதினோராவது குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லிலிட்டர் உப்புநீரில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரை அகார் தட்டில் பரப்பினால் மறுநாள் சுமார் 50 கூட்டங்கள் (காலனிகள்) முளைக்க வேண்டும். 500 முளைத்தால் அந்தத் தட்டின் முடிவைக் கணக்கில் கொள்ளக் கூடாது. பீட்டா-லாக்டமேஸ் சுரக்கும் பாக்டீரியா பத்து மடங்கு கூடினால் மருந்தைச் சிதைக்கும் நொதியும் அதற்கேற்பக் கூடும், எம்.ஐ.சி. பொய்யாக உயர்ந்து நிற்கும்.

35 பாகை செல்சியஸில் 16 முதல் 20 மணி நேரம் கழித்துப் பார்த்தால் சில குழிகள் பாக்டீரியா வளர்ந்து கலங்கியிருக்கும், சில தெளிந்திருக்கும். தெளிந்தவற்றில் மிகக் குறைந்த செறிவே எம்.ஐ.சி. (ஸ்டேஃபிலோகாக்கஸ் பாக்டீரியா–வான்கோமைசின் மருந்து இணைக்கு முழு 24 மணி நேரம் வேண்டும், அவசரப்பட்டால் மெதுவாக வளரும் எதிர்ப்பு வகை கண்ணில் படாது.)

ஆனால் அந்தத் தெளிந்த குழியில் பாக்டீரியா செத்துவிட்டதா? தெரியாது. அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து மருந்தில்லா அகாரில் பரப்பினால் கூட்டங்கள் நிறைய முளைக்கலாம். தொடக்கத்தில் இருந்ததில் 99.9 விழுக்காடு செத்திருந்தால் மில்லிலிட்டருக்கு 500 மிஞ்சும். 10 மைக்ரோலிட்டரில் 5 கூட்டங்கள். எண்ணிக்கையை ஏறத்தாழ அந்த அளவுக்கு இறக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு வேறொரு எண், எம்.பி.சி. (minimum bactericidal concentration).

ஆகவே எம்.ஐ.சி.யில் 'கொல்' வரக்கூடாது. 'தடுப்பு' என்றால் தடுப்பூசி, தடுப்பு மருந்து என்று, நோய் வருமுன் காப்பதுதான் நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பது வேறு: பாக்டீரியா இருக்கிறது, தலைதூக்க முடியவில்லை. தமிழில் அதற்குச் சரியான வினை 'அடக்கு'. என் பரிந்துரை: எம்.ஐ.சி. மீச்சிறு அடக்குச்செறிவு, எம்.பி.சி. மீச்சிறு கொல்செறிவு. 'மீச்சிறு பொது மடங்கு' படித்த மாணவருக்கு 'மீச்சிறு' புதிதல்ல.

மறுமொழி:

அம்மா, 'அடக்கு' எனக்கும் உடன்பாடே. ஒரு திருத்தம் மட்டும். கொல்களிறு, சுடுசோறு, குடிநீர் போல உங்கள் இரு சொற்களுமே வினைத்தொகை; வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே 'அடக்குசெறிவு', ச் வேண்டாம். அடக்கிய, அடக்குகிற, அடக்கும் என்ற மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருப்பதும் பொருத்தம்தான்.

எனக்குள்ள பெரிய உறுத்தல் வேறிடத்தில். ஆன்டிபயாட்டிக்கை 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்கிறோம். அதற்கு மசியாத பாக்டீரியாவின் பண்பையும் 'எதிர்ப்பு' என்கிறோம். உடலின் காப்பாற்றலும் 'நோய் எதிர்ப்பு'. முதலிரண்டும் சேர்ந்து வந்தால் 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு' என்று எழுத நேர்கிறது. யார் யாரை எதிர்க்கிறார்கள் என்பது படிப்பவருக்குப் பிடிபடுவதில்லை. மருந்து கேட்காமல் போவது நோயாளியின் உடலில் உள்ள குறை என்று பலர் எண்ணுவதற்கு இந்தச் சொற்குழப்பமும் துணைபோகிறது. பாக்டீரியா மருந்துக்கு மசியும் தன்மையைக் குறிக்கும் 'உணர்திறன்' இன்னும் மோசம்: மருந்து உணர்திறன் சோதனை என்றால் ஒவ்வாமைச் சோதனை என்றே கொள்வார்கள்.

மறுமொழி:

ஐயா, அடக்குசெறிவு என்றே வைத்துக்கொள்வோம். நன்றி.

எதிர்ப்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. 'எதிர்ப்பை'ப் பாக்டீரியாவுக்கு விட்டுவிட்டு, மருந்திடமிருந்து எடுத்துவிடலாம். மருந்தை 'நுண்ணுயிர்க்கொல்லி' என்று மாற்றவும் மனம் ஒப்பவில்லை. டெட்ராசைக்ளினும் குளோரம்ஃபெனிக்காலும் பெரும்பாலும் அடக்குவனவே, கொல்வன அல்ல. ஆன்டிபயாட்டிக் என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது, அதுவே இருக்கட்டும். பாக்டீரியாவின் பண்பு, மருந்தெதிர்ப்பு.

முடிவுத்தாளுக்கு 'அடக்கு'வின் தன்வினையே போதும். மருந்து அடக்கும், பாக்டீரியா அடங்கும். எஸ் (susceptible) என்றால் அடங்கும், ஆர் (resistant) என்றால் அடங்காது. 'ஐ'க்கு (intermediate) 'இடைநிலை' என்று எழுதுவது இப்போது பொருந்தாது. ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் 2019இல் அதன் வரையறையை மாற்றி, மருந்து உடலில் கூடுதலாகக் கிடைத்தால் பயன் தரும் என்று ஆக்கிவிட்டது. 'இடைநிலை' என்று படிக்கும் மருத்துவர் அந்த மருந்தை ஒதுக்கிவிடுவார். 'கூடிய அளவில் அடங்கும்' என்று படித்தால் அளவைக் கூட்டுவது பற்றி யோசிப்பார். நோயாளிக்கு இதனால் உண்மையான வேறுபாடு உண்டு.

அடங்கும், அடங்காது என்று பிரிக்கும் செறிவெல்லையான 'பிரேக்பாயின்ட்'டை 'முறிபுள்ளி' என்று யாரும் எழுத வேண்டாம். அங்கே எதுவும் முறிவதில்லை. 'வரம்பு' போதும்.

'டாலரன்ஸ்' தனிச் சொல் கேட்கிறது: இங்கே அடக்குசெறிவு மாறுவதில்லை, கொல்செறிவு மட்டும் 32 மடங்கோ அதற்கு மேலோ எகிறும். பாக்டீரியா அடங்குகிறது, சாவதில்லை. தாங்குதிறன் எனலாம். இதை மருந்தெதிர்ப்போடு சேர்த்து எழுதினால் இரண்டு எண்களைத் தனித்தனியாக அளந்த உழைப்பே வீண்.

மருந்து தோய்ந்த தாள் வட்டைப் பாக்டீரியா பரப்பிய அகாரில் வைக்கும் வட்டு முறையில் அந்தத் தாளைச் சுற்றித் தெரிவதைத் 'தடுப்பு வளையம்' என்பதைவிடத் 'தெளிவட்டம்' என்பது நேரானது. அளப்பது விட்டத்தை, தாளின் 6 மில்லிமீட்டரையும் சேர்த்து. அகார் 4 மில்லிமீட்டரைவிடத் தடித்தால் மருந்து கீழ்நோக்கியும் பரவி வட்டம் சுருங்கும். அடங்கும் பாக்டீரியா அடங்காததாகத் தோன்றும். கோலிஸ்டினுக்குத் தெளிவட்டத்தையே நம்பக் கூடாது. பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது, குழித்தட்டுதான் வழி.

ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் முடிவுத்தாளில் ஒரு வரி இப்படி வரும்:

வான்கோமைசின் – அடக்குசெறிவு 1 மி.கி./லி., வரம்பு 2, அடங்கும்.