மீகாவின் புலம்பல் பற்றி ஒரு சந்தேகம், உதவுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்தில் பைபிளில் மீகா தீர்க்கதரிசியின் புத்தகம் முதல் அதிகாரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வசனத்தில் நின்றுவிட்டேன். பறிகொடுத்தவனாக, அம்மணமாக நடப்பேன், ஓரியை (நரியை)ப் போல ஊளையிடுவேன் என்கிறார் மீகா. இதை அவர் தெருவில் உண்மையாகவே செய்தாரா, கவிதையாகச் சொன்னாரா? ஏசாயா தீர்க்கதரிசி மூன்று வருஷம் அப்படி நடந்ததாக அவருடைய புத்தகத்தின் 20-ஆம் அதிகாரம் நேராகவே சொல்கிறது. மீகாவுக்கு அப்படி எதுவும் இல்லையே.

எனக்கென்னவோ செய்திருப்பார் என்றே படுகிறது, ஏனென்றால் அழிவு அவர் ஊர்ப்பக்கமே வந்தது. அவருடைய சொந்த ஊரான மொரேசா, யூதா நாட்டு நகரமான லாகீசுக்குப் பக்கத்து ஊர். கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் லாகீசைப் பிடித்தான். அவனுடைய நினிவே அரண்மனைச் சிற்பத்தில் லாகீசின் பெண்களும் பிள்ளைகளும் கைதிகளாக மாட்டுவண்டியில் ஏறிப் போகிறார்கள். சிற்பம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வயலைப் பறித்தவர்களையும் லஞ்சத்துக்குத் தீர்ப்புச் சொன்னவர்களையும் கிழித்தெடுக்கிற அதே ஆள்தான் இப்படி அழுகிறார். பையன்கள் கட்டாயம் கேட்பார்கள்: திட்டுகிறவர் எதற்கு அழ வேண்டும்?

இதற்குத் தமிழில் நல்ல விளக்கவுரை தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். இறையியல் படித்தவர்கள் இரண்டு வரி எழுதினாலும் போதும். அந்தச் சிற்பத்தின் தெளிவான படம் யாரிடமாவது இருந்தால் அதையும் போடுங்கள்.