அப்பாவின் பழைய போனில் அப்டேட் போடலாமா? கொஞ்சம் அவசரம்

ஈரோட்டுக்காரன் (சனி, இரவு 9.12)
வணக்கம் நண்பர்களே. அப்பாவின் போனில் ரொம்ப நாளாக அப்டேட் போடு, போடு என்று நச்சரிக்கிறது. "பிறகு" என்று தள்ளித் தள்ளி அவருக்கே அலுத்துவிட்டது. போடலாமா, கூடாதா? பழைய போன்தான். நாளைக் காலை நான் பெங்களூரு கிளம்ப வேண்டும். அதற்குள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

திண்ணைவாசி (9.20)
என்ன போன் தம்பி? ஆண்ட்ராய்டா, ஐபோனா? எந்த வருடம் வாங்கியது? பழைய போன் என்றால் எதை நினைப்பது? எங்கள் வீட்டில் 2012இல் வாங்கிய ஒன்று இன்னும் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்துக்கொண்டிருக்கிறது.

பச்சைக்கோடு (9.24)
எந்தப் போனாக இருந்தாலும் போடாதீர்கள். போன வருடம் ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்தால் திரையில் மேலிருந்து கீழ் வரை ஒரு பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில் வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்ப்ளே மாற்ற 11,000 என்றார்கள். போனின் விலையே 19,000தான். அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு போனுக்கும் அப்டேட் கிடையாது.

கறார் கண்ணாயிரம் (9.31)
இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. மேலே தேடும் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைக்கவில்லை. மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, பாதுகாப்புப் பேட்ச் தேதி, காலி இடம். இந்த நான்கும் இல்லாமல் கேள்வி கேட்பது, டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்கிறது, என்ன மாத்திரை?" என்று கேட்பது போல.

ஆப்பிள் சித்தப்பா (9.38)
ஐபோனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். 2018இல் ஐஓஎஸ் 12 வந்தபோது 2013இல் வெளிவந்த 5எஸ்ஸுக்குக்கூடக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பழைய போன் அதற்கு அப்புறம்தான் சுறுசுறுப்பானது. அப்டேட் போட்டால் போன் மெதுவாகும் என்பதெல்லாம் ஆண்ட்ராய்டுக்காரர்கள் கதை.

திண்ணைவாசி (9.44)
சித்தப்பா, அதற்கு முந்தைய வருடம் நடந்ததை வசதியாக மறந்துவிட்டீர்களே. 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்தோம் என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டதே? அப்புறம் 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 2020இல் பிரான்ஸில் 25 மில்லியன் யூரோ அபராதம்.

ஆப்பிள் சித்தப்பா (9.49)
போன் திடீரென்று அணையக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள். சொல்லாமல் செய்ததுதான் தப்பு. உங்கள் ஆண்ட்ராய்டு மட்டும் யோக்கியமா? 2018இல் இத்தாலியில் ஆப்பிளுக்கு 10 மில்லியன் போட்ட அதே நாளில் சாம்சங்குக்கும் 5 மில்லியன் போட்டார்கள். நோட் 4 வைத்திருந்தவர்களுக்கு அது தாங்காத புது ஆண்ட்ராய்டைத் திணித்ததற்கு.

ரூட் ராசா (9.55)
இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். வழி சுலபம். பூட்லோடரை (கம்பெனி மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பூட்டு) திறந்து, கஸ்டம் ராம் (கம்பெனிக்கு வெளியே ஆர்வலர்கள் செய்த ஆண்ட்ராய்டு) ஒன்றைப் போட்டால் ஐந்து வருடப் போன் புதுசு மாதிரி ஓடும். என்னிடம் 2017 மாடல் ஒன்று ஆண்ட்ராய்டு 13இல் ஜம்மென்று இருக்கிறது.

செல்போன்கடை அக்கா (10.02)
ராசா, அப்பா போன் என்கிறார். அதில் ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் இருக்கும். பூட்லோடரைத் திறந்தால் முதலில் உள்ளே இருப்பது மொத்தமும் அழியும். அப்புறம் பேங்க் ஆப் "இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல" என்று திறக்கவே மறுக்கும். போன மாதம் இப்படி ஒருத்தர் கடைக்கு வந்து, மறுபடி பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்று அழாத குறை. உங்கள் விளையாட்டை உங்கள் போனோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுக்காரன் (10.08)
மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். ஆண்ட்ராய்டுதான். 2020 லாக்டவுனில் தங்கையின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது. அவள் காலேஜ் போனதும் அப்பாவுக்கு வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், போட்டால் அந்தக் கம்பெனி ரசிகர்கள் வந்து இதையும் கெடுப்பார்கள். இப்போது ஆண்ட்ராய்டு 11, கேட்பது 12. 4 ஜிபி ரேம். வாட்ஸப், ஜிபே, யூடியூப், நாள்காட்டி, அவ்வளவுதான் அவருக்கு. போடலாமா?

கறார் கண்ணாயிரம் (10.11)
பேட்ச் தேதி? காலி இடம்? கேட்ட நான்கில் ஒன்றரைதான் வந்திருக்கிறது.

ஈரோட்டுக்காரன் (10.19)
பேட்ச் தேதி எங்கே பார்ப்பது?

கறார் கண்ணாயிரம் (10.20)
அமைப்புகள், போனைப் பற்றி, ஆண்ட்ராய்டு பதிப்பு. அதைத் தொட்டால் வரும். இதைக்கூட.

திண்ணைவாசி (10.23)
கண்ணாயிரம் சார், நீங்களும் ஒருநாள் கேட்டுத்தானே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

தம்பி, நான் சொல்வது இதுதான். அப்டேட் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சங்கதி. ஒன்று, 11இலிருந்து 12க்குத் தாவுவது. இதில் முகப்பு மாறும், பின்னால் ஓடுபவை கூடும், 4 ஜிபி ரேமுக்கு மூச்சு வாங்கலாம். இன்னொன்று பாதுகாப்புப் பேட்ச். இது ஓட்டைக்கு ஒட்டுப்போடுவது, போனை மெதுவாக்காது. பேட்ச் மட்டும் வந்தால் யோசிக்காமல் போடலாம். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை, அதற்குள்ளேயே பேட்ச்சும் சேர்ந்து வரும். அதனால்தான் குழப்பம்.

பச்சைக்கோடு (10.27)
ஒட்டும் வேண்டாம் தாவலும் வேண்டாம். என் டிஸ்ப்ளேயை யார் தருவார்கள்?

செல்போன்கடை அக்கா (10.33)
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. கடைக்கு மாதத்துக்கு இரண்டு மூன்று பச்சைக் கோடு வருகிறது. அதில் அப்டேட்டே போடாத போன்களும் உண்டு. கோடு என்பது டிஸ்ப்ளே பழுது. மென்பொருள் கோளாறாக இருந்தால் போனை அணைத்துப் போட்டதும் கம்பெனி லோகோ வரும்போது கோடு இருக்காது. உங்களுக்கு லோகோவிலேயே இருந்திருக்குமே? ஏற்கெனவே நொந்துபோன பேனல், அப்டேட் போடும்போது ஒரு மணி நேரம் சூடாகிறது, அதோடு போய்விடுகிறது என்பது என் அனுமானம்.

பச்சைக்கோடு (10.36)
லோகோவிலும் இருந்தது. ஆனால் அப்டேட்டுக்கு முந்தின நாள் இல்லையே.

சொல்லாய்வன் (10.41)
பொறுத்தருள்க. அப்டேட் என்று ஏன் எழுத வேண்டும்? "இற்றைப்படுத்தல்" என்ற நல்ல சொல் இருக்கிறது. இற்றை என்றால் இன்றைய. இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது இற்றைப்படுத்தல்.

திண்ணைவாசி (10.45)
எங்கள் ஊரில் "இற்றுப்போச்சு" என்றால் மட்கி அறுந்துபோச்சு என்று அர்த்தம். பச்சைக்கோட்டுக்காரருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

சொல்லாய்வன் (10.48)
அது வேறு வேர், இது வேறு வேர் ஐயா.

ஆப்பிள் சித்தப்பா (10.50)
போனின் மொழியைத் தமிழில் வைத்துப் பாருங்கள், "புதுப்பிப்பு" என்றுதான் வரும். அது எல்லோருக்கும் புரிகிறது.

சொல்லாய்வன் (10.54)
புதுப்பித்தல் என்பது லைசென்ஸுக்கும் கோயில் கோபுரத்துக்கும். பழையதைச் சீர்செய்தால் புதுப்பித்தல். இங்கே நடப்பது அதுவல்ல.

ரூட் ராசா (10.56)
பழைய போனைச் சீர்செய்வதைப் பற்றித்தானே இவ்வளவு நேரமாகப் பேசுகிறோம்?

ஈரோட்டுக்காரன் (11.02)
பேட்ச் தேதி 2022 மார்ச். காலி இடம் 64இல் 2.1 ஜிபி. அப்டேட் 2.3 ஜிபி என்று காட்டுகிறது. எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, போடலாமா என்று சொல்லுங்கள்.

கறார் கண்ணாயிரம் (11.05)
இடமே இல்லை. விஷயம் முடிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

திண்ணைவாசி (11.12)
இடம் பண்ணலாம். வாட்ஸப்பில் அமைப்புகளுக்குப் போய் "சேமிப்பகம்" பார்க்கச் சொல்லுங்கள். காலை வணக்கம் படமும் பக்திப் பாடல் வீடியோவும் குறைந்தது 10 ஜிபி இருக்கும். என் மச்சான் போனில் ஒரே பிள்ளையார் 140 தடவை இருந்தார். அப்டேட் போட்டாலும் போடாவிட்டாலும் 10 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். நிரம்பி வழியும் போன் எந்த ஆண்ட்ராய்டிலும் நகராது.

2022 மார்ச் பேட்ச் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். ஜிபே இருக்கிறது. இருந்தாலும் அப்பா வயதுக்காரர்களுக்கு ஓட்டை வழியாக வரும் திருடனைவிட வாசல் வழியாக வருகிறவன்தான் அதிகம். "மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு கரண்ட் கட்" என்று மெசேஜ், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது தொட்டால் ஆப்பாகப் பதிவது. அதை அவரே அனுமதி கொடுத்து உள்ளே விட்டால் எந்தப் பேட்ச்சும் முழுசாகக் காப்பாற்றாது. அதை முதலில் சொல்லி வையுங்கள்.

செல்போன்கடை அக்கா (11.18)
எல்லோரும் சொன்னது இருக்கட்டும். தம்பி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஈரோட்டுக்காரன் (11.24)
அதுதான் இன்னொரு தொல்லை. 30 சதவீதம் இருக்கும்போதே பொசுக்கென்று அணைகிறது. சார்ஜரில் போட்டால் மறுபடி 28 காட்டுகிறது. அப்டேட் போட்டால் அது சரியாகும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

செல்போன்கடை அக்கா (11.27)
இதை முதலில் சொல்லியிருக்கலாமே! அது பேட்டரி. தேய்ந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 30 காட்டும். வேலை கொடுத்தால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கி அணைந்துவிடும். அப்டேட் போடும்போது போன் முழு மூச்சில் வேலை செய்யும், பாதியில் அணைந்தால் வம்பு. ஆண்ட்ராய்டுக்கு உள்ளே இரண்டு பிரிவு வைத்து, ஒன்றில் பழையதை விட்டு இன்னொன்றில் புதியதைப் போடும் போன் என்றால் பழைய ஆண்ட்ராய்டுக்கே திரும்பிவிடும். அப்படி இல்லாத மாடல் என்றால் லோகோவிலேயே நின்றுவிடும்.

இப்போது ஒன்று செய்யுங்கள். கவரைக் கழற்றுங்கள். போனை மல்லாக்க, வழவழப்பான மேசையில் வைத்து ஓரத்தை லேசாகச் சுண்டிவிடுங்கள். அழுத்த வேண்டாம். அப்புறம் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா பாருங்கள்.

ரூட் ராசா (11.29)
கேமரா மேடு இருந்தால் எல்லாப் போனும் ஆடுமே அக்கா?

செல்போன்கடை அக்கா (11.31)
கேமராவால் என்றால் மூலையில் தாங்கிக்கொண்டு டக் டக் என்று ஆடும். நடுமுதுகில் நின்று பம்பரம் மாதிரி சுற்றினால் அது வேறு.

ஈரோட்டுக்காரன் (11.43)
அக்கா, சுற்றுகிறது. முழு ஒரு சுற்று சுற்றி நின்றது.

கவரைக் கழற்றவே அரும்பாடு. உள்ளே ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு, பழனி முருகன் படம், மடித்த பஸ் டிக்கெட் ஒன்று. சரி, இவைதான் உப்பலாகக் காட்டுகின்றன என்று எல்லாவற்றையும் எடுத்தேன். அப்புறமும் முதுகு அப்பளம் மாதிரி உப்பித்தான் இருக்கிறது. வலது ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அப்பாவிடம் கேட்டால் "ஒரு மாதமாகச் சட்டைப் பையில் கனமாகத்தான் தெரிந்தது, கவர் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன்" என்கிறார். இப்போது சார்ஜரில்தான் கிடந்தது.

செல்போன்கடை அக்கா (11.45)
உடனே சார்ஜரிலிருந்து எடுங்கள். அணைத்துவிடுங்கள். உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. மேலே அழுத்தாதீர்கள், மூட முயற்சிக்காதீர்கள், ஊசி கீசி எதுவும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தலையணைக்கு அடியில் கூடாது. மெத்தை, திரைச்சீலை பக்கம் இல்லாமல் வெறும் தரையிலோ கல் மேடையிலோ வையுங்கள். காலையில் கடையில் கொடுத்துப் பேட்டரி மாற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அப்டேட் அதற்கு அப்புறம். படங்களை எல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, முழு சார்ஜில் போடுங்கள். போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் சூடாகவும் மெதுவாகவும் இருக்கும், ஆப்களை உள்ளே மறுபடி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டுக்குத் திரும்புவது நினைத்த மாதிரி நடக்காது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அமைப்புகளில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள், தானாகப் போட்டுக்கொள்ளாது.

கறார் கண்ணாயிரம் (11.52)
பேட்டரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு முதலிலேயே தோன்றியது.

திண்ணைவாசி (11.54)
நீங்கள் கேட்ட நான்கில் பேட்டரி இல்லையே சார். மேலே போய்ப் பாருங்கள், தேடும் பெட்டியும் இருக்கிறது.

ஆப்பிள் சித்தப்பா (11.58)
இதற்குத்தான் ஐபோனில் 2018இலிருந்து பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்றே காட்டுகிறார்கள்.

திண்ணைவாசி (ஞாயிறு, 12.01)
அபராதம் கட்டின பிறகா, முன்பா?

ஆப்பிள் சித்தப்பா (12.04)
முன்பு. தூங்குங்கள்.

ஈரோட்டுக்காரன் (செவ்வாய், மாலை 6.30)
பேட்டரி மாற்றியாகிவிட்டது, 1,350 ரூபாய். கடைக்காரர் பழையதை எடுத்துக் காட்டினார், தலையணை மாதிரி இருந்தது. இப்போது அணைவதில்லை. பெங்களூரு பயணம் ஒருநாள் தள்ளிப்போனது, பரவாயில்லை. அப்டேட் இன்னும் போடவில்லை, ஆடி கழியட்டும் என்கிறார் அப்பா. நன்றி அக்கா.

திண்ணைவாசி (செவ்வாய், 6.41)
ஆடியில் பேட்டரி மாற்றலாம், ஆண்ட்ராய்டு மாற்றக் கூடாதா? சரி, அந்த மாடல் என்னவென்று இப்போதாவது சொல்லுங்கள் தம்பி.

சொல்லாய்வன் (செவ்வாய், 7.15)
மின்கலம்.

வேலூர் வினோ (மூன்று மாதம் கழித்து)
எனக்கும் இதே பிரச்சினை. பழைய போன். அப்டேட் போடலாமா? அவசரம்.