லைன் என்றால் கோடு மட்டும்தானா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு:

எங்கள் பகுதியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘தி லைன் இஸ் பிஸி’ என்ற வாக்கியத்துக்கு ஒரு மாணவி ‘கோடு வேலையாக இருக்கிறது’ என்று எழுதினாள். அவளிடம் இருக்கும் சின்ன அகராதியில் முதல் பொருள் கோடு. அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு போன் போட்டால் ‘லைன் கிடைக்கலை’ என்று சொல்பவளும் அவள்தான். அந்த லைனும் பாடத்தில் வந்த லைனும் ஒன்று என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

வழக்கமாக என்ன செய்கிறோம்? கோடு, வரி, வரிசை, கம்பி, தண்டவாளம், எல்லை, பரம்பரை, தொழில் என்று பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம். அது வேண்டாம் என்பது என் கட்சி. இந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது ஒரு நூல். லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. நூலை இழுத்துக் கட்டினால் கோடு. நூல் பிடித்தாற்போல ஆட்கள் நின்றால் வரிசை, எழுத்து நின்றால் வரி. இரண்டு ஊருக்கு நடுவே கம்பி இழுத்தால் டெலிபோன் லைன், தண்டவாளம் போட்டால் ரயில்வே லைன். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே, அதுவும் இப்படி ஒரு லைன்தான். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பட்டியலே தேவைப்படாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வியாசர்பாடி ஆசிரியர்:

உங்கள் அக்கறை புரிகிறது தோழர். ஆனால் நூல் கதை, பொருள் தெரிந்த பிறகு கேட்டால்தான் இனிக்கும். பொருள் தெரியாத பிள்ளைக்கு அது வழி காட்டாது.

‘டெட்லைன்’ என்ற சொல்லைக் கொடுங்கள். நூல் தெரிந்த பிள்ளை ‘செத்த நூல்’ என்று எழுதும். 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சிறை முகாமில் ஓர் எல்லை போட்டிருந்தார்கள். தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அந்த எல்லையின் பெயர்தான் பிறகு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், வேலை முடிக்க வேண்டிய கெடு ஆனது. இந்த வரலாற்றை எந்த ஆளிச் செடியும் சொல்லித் தராது.

நம் ‘கோடு’ என்ற சொல்லையே பாருங்களேன். கோடுதல் என்றால் வளைதல். குறளில் வரும் ‘கோடாமை’ வளையாமைதான். யானைத் தந்தத்துக்கும் மரக்கிளைக்கும் மாட்டுக் கொம்புக்கும் கோடு என்று பெயர் இருந்தது. ஸ்கேலை வைத்து நேர்கோடு போடும் பிள்ளைக்கு ‘இதன் வேர் வளைவு’ என்று சொன்னால் குழம்புமா, தெளியுமா?

எம்.சி. ரோடு டெய்லர்:

நான் அதிகம் படிக்கவில்லை, ஆனால் இந்தச் சொல்லை நாள் முழுக்கப் புழங்குகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘லைனிங் வெச்சுத் தருவீங்களா?’ என்றுதான். அது கோடு போட்ட துணி இல்லை, உள்ளே கொடுக்கும் துணி. அந்தக் காலத்து உடுப்புக்கு உட்பக்கம் லினன், அதாவது அந்த ஆளி நூலில் நெய்த துணி, கொடுத்துத் தைத்ததால் வந்த பெயர். இன்று கொடுப்பது காட்டன். அதைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி அங்கங்கே கொசுவிக்கொண்டு நிற்கும். கஸ்டமர் திரும்ப எடுத்து வருவார்.

அப்புறம் பட்டன். சட்டைக்கு 18 லைன் பட்டன் என்று கேட்டு வாங்குவோம். 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். எங்கள் கடைக்கு அலமாரி அடித்த தச்சர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறார். அளவு வேறு, ஆனால் இரண்டு பேருமே சின்ன அளவுக்கு நூலின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அதனால் எனக்கு மாலை வகுப்புக்காரர் சொல்வது மனதில் ஒட்டுகிறது.

காசிமேடு கரை:

நானும் அந்தப் பக்கம்தான். கப்பலில் இன்றைக்கும் கட்டும் கயிற்றை லைன் என்றுதான் சொல்வார்கள். கரையை நெருங்கியதும் மெல்லிய கயிற்றின் நுனியில் கனம் கட்டி முதலில் வீசுவார்கள், அது ஒரு லைன். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாடி வரும் தடித்த வடமும் லைன். சூரை மீன் பிடிக்கப் போகும் படகில் நீளமான ஒரே கயிற்றில் வரிசையாகத் தூண்டில் தொங்கும், அது லாங் லைன். வாத்தியார் சார், கடலில் இந்த வேரை யாரும் தோண்டி எடுக்கவில்லை. அது மேலேயேதான் கிடக்கிறது.

புளியந்தோப்பு வாசி:

நான் வேறு ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். தெருவில் நாம் சொல்லும் லைன், முழுக்க ஆங்கில லைன் கிடையாது. ‘லைன் வீடு’ என்கிறோம்: ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாக வரிசை அறைகள், எல்லாருக்கும் ஒரே குழாய். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இதே சொல் ‘லயம்’ ஆகிவிட்டது, அங்கே பிறந்தவர்களுக்கு அது தமிழ்ச் சொல் மாதிரிதான். வாலிபப் பையன்கள் ‘லைன் போடுறான்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் யாருக்கும் புரியாது. தெருவிலிருந்து ஆங்கிலத்துக்குப் பாலம் போடும்போது எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

வியாசர்பாடி ஆசிரியர்:

இதைத்தான் நானும் சொல்கிறேன். வேரைப் பிடித்துப் போகும் பிள்ளைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. ‘ஃபைல்’ என்ற சொல்லும் லத்தீன் நூலிலிருந்துதான் வந்தது, ‘ஃபீலும்’. காகிதங்களை நூலில் கோத்து வைத்ததால் அந்தப் பெயர். மளிகைக் கடையில் பில்லைக் கம்பியில் குத்தி வைக்கிறார்களே, அதுதான் பழைய ஃபைல். சரி. ஆனால் இரும்பைத் தேய்க்கும் அரத்துக்கும் ஆங்கிலத்தில் ஃபைல் என்றுதான் பெயர். அது ஒலியிலும் எழுத்திலும் மட்டுமே ஒன்று, பிறப்பில் வேறு சொல். உங்கள் மாணவி அரத்திலும் நூலைத் தேட ஆரம்பிப்பாள்.

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு:

அரத்தில் நூல் இல்லை என்று சொல்ல நான் அங்கே இருக்கிறேனே சார். ஆசிரியர் எதற்கு? நீங்கள் சொன்ன டெட்லைனையே எடுத்துக்கொள்வோம். ‘தாண்டினால் உயிர் போகும் கோடு’ என்று ஒரு தடவை சொன்னால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. ‘கெடு’ என்று பட்டியலில் எழுதிக் கொடுத்தால் தேர்வு முடிந்த அன்றே மறந்துபோகும். ‘பாட்டம் லைன்’ என்றால் முடிவான விஷயம் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். வரவு செலவுக் கணக்கில் லாபமா நஷ்டமா என்று காட்டும் கடைசி வரிதான் அது என்றால் அப்பா கடைக் கணக்கு எழுதுவதைப் பார்த்த பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். ஆங்கிலம் என்பது வெளியிலிருந்து வந்து இறங்கும் சுமை என்று நினைக்கிறார்கள். அதில் பாதியை அப்பா துறைமுகத்திலும் அம்மா தையல் மெஷினிலும் ஏற்கெனவே புழங்குகிறார்கள் என்று காட்டினால் அவர்கள் உட்காரும் விதமே மாறுகிறது. இதை வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வியாசர்பாடி ஆசிரியர்:

அந்தத் தைரியம் வர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாக்கியத்தில்தான் பொருள் இருக்கிறது என்பதை விட்டுக் கொடுக்க மாட்டேன். லைன் என்ற சொல்லைத் தனியாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். ‘ஹோல்ட் த லைன்’ போனில் வரும், ‘ஸ்டாண்ட் இன் லைன்’ ரேஷன் கடையில் வரும், ‘ட்ராப் மீ எ லைன்’ என்றால் நாலு வரி எழுதிப் போடு என்று அர்த்தம், ‘கிராஸ் த லைன்’ என்றால் வரம்பு மீறுவது. துணை நிற்கும் சொல்லே பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். இப்படி வாக்கியம் வாக்கியமாகப் படித்த பிள்ளை, நூல் கதை தெரியாமலேயே சரியாக எழுதும். என் வகுப்பில் எழுதுகிறார்கள்.

எம்.சி. ரோடு டெய்லர்:

மாலை வகுப்புத் தோழர், பிள்ளைகளை ஒரு நாள் கடைக்குக் கூட்டி வாருங்கள். மதியத்தில் கூட்டம் இருக்காது. லைனிங் நனைத்த துணி கொடியில் காயும், 18 லைன் பட்டன் அட்டையும் இருக்கும். வாத்தியார் சாரும் வரட்டும், அவருடைய வாக்கியங்களையும் எடுத்துக்கொண்டு.